ஆன்லைன் உணவுக் கடைக்குப் பெயர் வைப்பது எப்படி?

வீட்டில் இருந்தபடியே முறுக்கு, இட்லிப்பொடி, ஊறுகாய், வடகம் போன்றவற்றைச் செய்து இண்டர்நெட் மூலமாக விற்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. இதற்காகவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் உண்டு. கடை தொடங்குவது என்று முடிவானதும் முதலில் வரும் கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பதுதான். பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, குலதெய்வத்தின் பெயரோ பேத்தியின் பெயரோ அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. தெருவில் போடும் கடைக்கு இது போதும். ஆன்லைன் கடைக்குப் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

தெருவில் உள்ள கடைக்குச் சரியான பெயர் தெரியாவிட்டாலும் ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மெடிக்கல் ஷாப்பை ஒட்டின பலகாரக் கடை" என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பல வருடமாக வாங்குகிறவர்களைக் கேட்டாலும் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லத் தெரியாது. இண்டர்நெட்டில் பஸ் ஸ்டாண்டும் இல்லை, மெடிக்கல் ஷாப்பும் இல்லை. அங்கே கடையின் பெயர்தான் போர்டு, அதுவேதான் விலாசம். ஒரு எழுத்து மாறினால் "இந்தப் பக்கம் இல்லை" என்ற செய்தி வரும். அதைவிட மோசம், வேறு யாருடைய கடையோ திறக்கும்.

டொமைன் நேம் என்பது என்ன?

பிரவுசரின் மேல்பகுதியில் உள்ள அட்ரஸ் பாரில் நாம் டைப் செய்யும் பெயருக்கு டொமைன் நேம் என்று பெயர். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. அந்த எண்களை நம்மால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைப் பயன்படுத்துகிறோம். செல்போனில் நம்பரைப் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்து வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் போனில் இருக்கும் பட்டியல் உங்களுக்கு மட்டும். டொமைன் நேம் பட்டியல் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆகவே ஒரு பெயரை ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடியும். உங்கள் ஊரில் ஒரு லட்சுமி ஸ்வீட்ஸ், பக்கத்து ஊரில் இன்னொரு லட்சுமி ஸ்வீட்ஸ் என்ற வசதி இங்கே கிடையாது.

பெயரில் ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை எண்கள், ஹைபன் எனப்படும் சிறு கோடு ஆகியவை மட்டும் வரலாம். புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி 63 எழுத்துகள் வரை இருக்கலாம். இடைவெளி விடக்கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இல்லை. 63 எழுத்து வரை அனுமதி இருக்கிறதே என்று நீளமாக வைக்காதீர்கள். 12 எழுத்தைத் தாண்டினால் டைப் செய்யும்போது தவறு வரத் தொடங்கும் என்பது என் கருத்து.

போனில் சொன்னால் புரிய வேண்டும்

அமேசான் நிறுவனம் 1994-ல் பதிவானபோது அதன் பெயர் அமேசான் இல்லை. மந்திர வார்த்தையான "ஆப்ரகடாப்ரா"வில் இருந்து எடுத்த "கடாப்ரா" என்ற பெயரில்தான் அது பதிவானது. நிறுவனர் ஜெஃப் பெசோஸ் இந்தப் பெயரைத் தன் வக்கீலிடம் போனில் சொன்னபோது, அவர் காதில் அது "கடாவர்" என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று பொருள். பெயர் மாற்றப்பட்டது. உலகின் மிகப்பெரிய ஆன்லைன் கடைக்குக்கூடப் போனில்தான் சோதனை நடந்திருக்கிறது.

நம் ஊரில் உணவு வியாபாரம் வளர்வது பெரும்பாலும் வாய் வார்த்தையால்தான். கல்யாண வீட்டில் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்பார். பதிலாக ஒரு பெயர் சொல்லப்படும். கேட்டவர் வீட்டுக்குப் போய் அந்தப் பெயரை டைப் செய்வார். காதில் விழுந்த தமிழ்ச் சொல்லை அவர் ஆங்கில எழுத்துகளில் எழுதியாக வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"பலகாரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்துக்கு, பேப்பருக்கு வரும் "பி" போடலாம், பஸ்ஸுக்கு வரும் "பி"யும் போடலாம். நடுவில் உள்ள ககரத்துக்கு "கே" போடுகிறவர்கள் உண்டு, "ஜி" போடுகிறவர்களும் உண்டு. "கா" நெடில் என்பதால் சிலர் "ஏ"யை இரண்டு முறை போடுவார்கள், சிலர் ஒரு முறை. இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் 8 விதம். எட்டும் சரியானவையே, எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடை இருப்பது அதில் ஒன்றில் மட்டும்.

"ஊறுகாய்" இன்னும் மோசம். "ஊ"வுக்கு "ஓ"வை இரண்டு முறை அல்லது "யு" ஒரு முறை. ககரத்துக்கு "கே" அல்லது "ஜி". நெடிலுக்கு ஒரு "ஏ" அல்லது இரண்டு. கடைசி "ய்"க்கு "ஐ" அல்லது "ஒய்". மொத்தம் 16 விதம். தோசையைச் சென்னையில் "டி"யில் தொடங்கி எழுதுவார்கள், அதுவும் சிலர் கடைசியில் "ஐ" சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே தோசை "டி, ஹெச்" என்று தொடங்கும். வெளிநாட்டில் உள்ள நம்மவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் ஆகலாம் என்பதை மறக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பல விதமாகப் படிக்கலாம். "பொடி" என்று நினைத்து நீங்கள் எழுதியதை வாடிக்கையாளர் "போடி" என்று படிப்பார். வாங்க வந்தவரைத் துரத்துவதுபோல ஆகிவிடும்! "பாட்டி" என்று வைத்தால் "பட்டி" ஆகும். "மணம்", "மனம்" இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். உணவுக் கடைக்கு மணம் பொருத்தம், மனம் என்றால் மருத்துவர் கிளினிக் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி? தமிழில் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. கடையில் வரும் ககரமும் அகத்தில் வரும் ககரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. தமிழில் எழுதும்போது கவலை இல்லை, ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் வேறு எழுத்து. இதோடு நெடில் எழுத்துகள், "ழ", "ள", ஒற்று இரட்டிக்கும் இடங்கள் எல்லாம் சேர்ந்தால் குழப்பம் பெருகுகிறது. "ழ"வை எழுத "இசட், ஹெச்" என்று தமிழர்களுக்குத் தெரியும். பெங்களூரில் இருக்கும் உங்கள் கன்னட நண்பருக்குத் தெரியாது.

இதிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. ம, ன, ர, ற, ல, வ, ய ஆகியவையும் குறில் எழுத்துகளும் மட்டும் வரும் சொற்களைத் தேடுங்கள். அவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் டைப் செய்வார்கள். உதாரணமாக "முறம்". எம், யு, ஆர், ஏ, எம், அவ்வளவுதான். ஐந்தே எழுத்து, சமையலறைச் சொல், கேட்டவுடன் எழுதிவிடலாம். "வயல்" கூட இப்படிப்பட்டதுதான். "உரல்" என்ற சொல்லும் எழுத்துக்கூட்டலில் சுத்தமானது. ஆனால் சர்ச் இன்ஜினில் கொடுத்துப் பாருங்கள், ரஷ்யாவில் உள்ள யூரல் மலைத்தொடரும் அதே பெயரில் உள்ள மோட்டார் சைக்கிளும் வந்து நிற்கும். மலையோடு போட்டி போட்டு உங்கள் மிளகாய்ப்பொடி முதல் பக்கத்தில் வருவது கடினம். எனவே பிடித்த பெயர்கள் ஒவ்வொன்றையும் சர்ச் செய்து, ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மேலே சொன்ன சொற்கள் உதாரணத்துக்காக மட்டுமே. அவை யாரிடமாவது இருக்கலாம். அதைப் பார்க்கும் முறையைக் கீழே சொல்கிறேன்.

பெயரை இறுதி செய்வதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். செலவு ஒன்றும் இல்லை. வெவ்வேறு வயதில் உள்ள ஐந்து பேரைப் போனில் அழைத்து, கடைப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். ஆங்கில எழுத்துகளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "டி ஃபார் டெல்லி" என்றெல்லாம் உதவி செய்யக்கூடாது. உங்கள் வாடிக்கையாளர் கல்யாண வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார். ஐந்து பேரும், குறைந்தது நான்கு பேராவது, ஒரே மாதிரி எழுதியிருந்தால் பெயர் நல்ல பெயர். மூன்று விதமாக வந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். மகளின் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அதிகமாக வரும் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். இதற்கு ஃபார்வர்டிங் என்று பெயர். டொமைன் விற்பவர்கள் பெரும்பாலும் இதை இலவசமாகவே தருகிறார்கள்.

ஹைபன் போடாதீர்கள். "நடுவில் ஒரு கோடு" என்று போனில் சொன்னால் பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள், சிலர் கீழே வரும் கோடு என்று நினைத்துக்கொள்வார்கள். எண்ணும் வேண்டாம். "ஃபார்" என்பதற்கு 4 என்று எழுதுவது பார்க்க அழகாக இருக்கும், கேட்கும்போது தெரியாது. இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதினால், இடைவெளி இல்லாமல் படிக்கும்போது நடுவில் அசிங்கமான வேறு சொல் எதுவும் உருவாகிறதா என்று ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பெரிய வெப்சைட்டுகளே இதில் மாட்டிக்கொண்டு கேலிக்கு ஆளாகியிருக்கின்றன.

இன்னொன்று. முறுக்கு மட்டும் விற்கிறோம் என்று பெயரிலேயே முறுக்கைச் சேர்த்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து ஊறுகாய் சேர்க்கும்போது பெயர் இடிக்கும். பொருளின் பெயரைக் கடைக்கு வைக்காமல் இருப்பது நல்லது.

டாட் காமா, டாட் இன்னா?

புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை எப்படித் தேர்வு செய்வது? பலருக்கும் எந்தப் பெயரைக் கேட்டாலும் கை தானாக டாட் காம் என்று டைப் செய்துவிடும். அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2011-ல் தன் பெயரைச் சுருக்கி "ஓ டாட் கோ" என்று பெரிய அளவில் விளம்பரம் செய்தது. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பலர் "ஓ டாட் காம்" என்று டைப் செய்தார்கள். அதே ஆண்டிலேயே நிறுவனம் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்குள் மட்டும் விற்பவர்களுக்கு டாட் இன் போதுமானது. 2005-ல் விதிகள் தளர்த்தப்பட்ட பிறகு யார் வேண்டுமானாலும் அதை எளிதாக வாங்கலாம். ஆனால் அதே பெயரில் டாட் காமில் வேறு உணவுக் கடை இருந்தால் அந்தப் பெயரைத் தொடாதீர்கள். நீங்கள் செய்யும் விளம்பரத்தில் ஒரு பகுதி அவருக்குப் போய்ச் சேரும். அங்கே கெட்டுப்போன இனிப்பு வந்தால் திட்டு உங்களுக்கு வரும். முடிந்தால் டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்குங்கள். டாட் ஷாப், டாட் ஸ்டோர் போன்ற புதிய முடிவுகளும் உள்ளன. டாட் ஷாப் என்ற முடிவை நடத்தும் உரிமையை மட்டும் ஒரு ஜப்பானிய நிறுவனம் 2016-ல் 4 கோடியே 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. நம் ஊரில் அது இன்னும் பழகவில்லை என்பதால் முதல் விலாசமாக வைக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தமிழ் எழுத்திலேயே விலாசம் வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே டொமைன் முடிவுகளாக உள்ளன. "முறம்.இந்தியா" என்பதுபோல எழுதலாம். எழுத்துக்கூட்டல் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிடும். ஆனால் உள்ளுக்குள் கம்ப்யூட்டர் இதை "எக்ஸ், என்" என்று தொடங்கும் நீண்ட ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றிக்கொள்கிறது. சில சாஃப்ட்வேர்களில் அந்தச் சரமே வெளியே தெரியும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். தமிழ் விலாசத்தை இரண்டாவதாக வாங்கி, முதல் விலாசத்துக்குத் திருப்பிவிடுவது நல்லது.

பெயர் வேறு யாருடையதாவது இருக்கிறதா?

டொமைன் கிடைத்துவிட்டது என்பதாலேயே பெயர் உங்களுடையது ஆகிவிடாது. புதியவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டொமைன் விற்பவர் அந்த எழுத்துகள் காலியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார். அந்தப் பெயருக்கு வேறு ஒருவர் சட்டப்படி உரிமை கொண்டாடுகிறாரா என்று அவர் பார்ப்பதில்லை.

யாஹூ நிறுவனம் 1998-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யாஹூ பெயருடன் இந்தியா என்று சேர்த்து ஒருவர் வெப்சைட் நடத்தியதற்கு எதிரான வழக்கு அது. தீர்ப்பு யாஹூவுக்குச் சாதகமாக வந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு நம் சென்னைக்குச் சம்பந்தப்பட்டது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி "சிஃபி" என்று வைத்திருந்தது. இன்னொரு நிறுவனம் ஒரு "எஃப்" கூடுதலாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே ஒலியில் டொமைன் பதிவு செய்திருந்தது. டொமைன் நேமுக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் சிக்கல்தான்.

வழக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விலகிக்கொண்டவர்களும் உண்டு. இன்று எல்லோருக்கும் தெரிந்த சொமேட்டோ 2008-ல் "ஃபுடிபே" என்ற பெயரில் தொடங்கியது. அந்தப் பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் "ஈபே" நிறுவனத்தின் பெயராக இருந்தன. பிற்பாடு தகராறு வரலாம் என்று 2010-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தொடங்கி இரண்டு ஆண்டிலேயே மாற்றியதால் தப்பித்தார்கள். ஆயிரக்கணக்கான பாட்டில்களில் லேபிள் ஒட்டிய பிறகு மாற்றுவது எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

டிரேட்மார்க் இருக்கிறதா என்று நீங்களே வீட்டிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். சர்ச் இன்ஜினில் "ஐ.பி. இந்தியா டிரேட்மார்க் பப்ளிக் சர்ச்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அரசு வெப்சைட் கிடைக்கும். அதில் "வேர்டுமார்க்" என்ற இடத்தில் உங்கள் பெயரையும் "கிளாஸ்" என்ற இடத்தில் எண்ணையும் கொடுக்க வேண்டும். பொருள்களை வகை வகையாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஊறுகாய் 29-ல் வரும். மசாலா, மாவு, காபி, முறுக்கு போன்றவை 30-ல் வரும். கடை நடத்தும் சேவைக்கு 35. மூன்றிலும் தேடுங்கள். அதே பக்கத்தில் "ஃபொனெட்டிக்" என்று ஒரு தேர்வு உண்டு. ஒலி ஒத்த பெயர்களை அது காட்டும். மேலே சிஃபி வழக்கைப் பார்த்தோம் அல்லவா? இந்தத் தேடலைத் தவறாமல் செய்யுங்கள்.

தனிநபர்கள் ஆன்லைனில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்க ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். "சுவையான ஊறுகாய்" என்பதுபோலப் பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயர்களுக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. எல்லோரும் பயன்படுத்த வேண்டிய சொற்களை ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? முறம் போல, உணவை நினைவுபடுத்தினாலும் உணவின் பெயராக இல்லாத சொல் இங்கேயும் கைகொடுக்கும்.

உணவுக்கு மட்டும் உள்ள விதிகள்

செருப்புக் கடைக்கோ புத்தகக் கடைக்கோ இல்லாத சில கட்டுப்பாடுகள் உணவுக் கடைக்கு உண்டு. முதலாவது ஊர்ப் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் இரண்டும் 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும், மணப்பாறை முறுக்கும் ஊட்டி வர்க்கியும் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. சேலத்தில் செய்த முறுக்கை மணப்பாறை முறுக்கு என்று விற்பது சட்டப்படி குற்றம். மணப்பாறையில் இருந்து வரவழைத்து விற்றால் அது வேறு விஷயம். ஆனாலும் கடைப் பெயரிலேயே அந்த ஊரைச் சேர்த்துவிட்டு, உள்ளே எல்லாப் பலகாரங்களையும் சென்னையில் செய்து விற்றால் கேள்வி வரும்.

இரண்டாவது, பெயரில் சேர்க்கும் அடைமொழிகள். இயற்கை, சுத்தம், ஒரிஜினல், பாரம்பரியம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பெயரில் சேர்க்க எல்லோருக்கும் ஆசை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டு வந்த விளம்பர விதிகளின்படி, இப்படிப்பட்ட சொல் உள்ள பெயர் வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், "இது வெறும் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்கவில்லை" என்ற பொருளில் ஒரு வாசகத்தைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் லேபிளில் அச்சிட வேண்டும். "சுத்தம்" என்று மேலே பெரிதாகப் போட்டுவிட்டுக் கீழே இப்படி ஒரு வரி இருந்தால் யார் வாங்குவார்கள்? "100 சதவீதம்" என்ற சொல்லை லேபிளில் போடுவதை நிறுத்தும்படி அதே ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. "ஆர்கானிக்" என்ற சொல்லுக்குச் சான்றிதழ் தொடர்பான தனி விதிகளே இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் அந்தச் சொல்லின் பக்கம் போகாதீர்கள்.

வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். அந்த எண் லேபிளில் இடம்பெற வேண்டும். பெயரை முடிவு செய்த பிறகு இதற்கு விண்ணப்பித்தால் பிற்பாடு திருத்தும் அலைச்சல் மிச்சம்.

பதிவு செய்யும்போது

பெயர் காலியாக இருக்கிறதா என்று டொமைன் விற்கும் எந்த வெப்சைட்டிலும் பார்க்கலாம். ஏற்கெனவே எடுத்தது என்றால், ஐகான் அமைப்பின் "லுக்அப்" பக்கத்தில் பெயரைக் கொடுத்து, எப்போது பதிவானது, எப்போது முடிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவற்றிலும் அதே பெயர் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் கடை திறக்கும்வரை காத்திருக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ மூலம் பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் அனுப்புகிறவர் திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வரும். கடைப் பெயர் ஒன்று, திரையில் வருவது சம்பந்தமே இல்லாத மாமனார் பெயர் என்றால் புது வாடிக்கையாளர் தயங்குவார். கடைப் பெயரிலேயே ஒரு நடப்புக் கணக்கு தொடங்குவது பற்றி வங்கியில் கேளுங்கள்.

டொமைனை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காமை ஒரே தடவையில் 1 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை எடுக்கலாம். முதல் ஆண்டுக்கு மிகக் குறைந்த விலை போட்டு இழுப்பார்கள். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதைவிட முக்கியம், யார் பெயரில் பதிவாகிறது என்பது. வெப்சைட் செய்து தருகிறவர் "எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் கணக்கிலேயே டொமைனைப் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, வேலை சுலபம் என்பதால்தான். மூன்று வருடம் கழித்து அவர் வேறு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், உங்கள் கடையின் விலாசம் அவர் கையில் இருக்கும். மிளகாய் வறுத்தது நீங்கள், இரவு பகலாகப் பார்சல் கட்டியது நீங்கள், பதிவேட்டின்படி பெயர் அவருடையது. எனவே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் மொபைல் எண்ணில் தொடங்குங்கள். பக்கத்தில் அவர் உட்கார்ந்து உதவி செய்யட்டும். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். ஏற்கெனவே வேறு ஒருவர் பெயரில் இருந்தால், அவருடன் நல்ல உறவில் இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்.

புதுப்பிக்க மறப்பது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்த விலாசம் தேவைப்பட்டதால் பலருக்கு இமெயில் திறக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிச் சரி செய்தார். நமக்கு அப்படி யாரும் கட்ட மாட்டார்கள். டாட் காம் காலாவதியானால் வெப்சைட் நின்றுவிடும். பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக ஓடிய கடையின் பெயர் என்றால், அதற்காகவே காத்திருந்து எடுத்து அதிக விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டோ ரினீவல் என்ற வசதியை ஆன் செய்து வையுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், கார்டு மாறினால் பணம் பிடிக்க முடியாமல் போகும். முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள். "உங்கள் டொமைன் முடியப் போகிறது, இந்த லிங்கைக் கிளிக் செய்து பணம் கட்டுங்கள்" என்று போலி இமெயில்களும் வரும். அந்த லிங்கைக் கிளிக் செய்யாமல், நீங்கள் பதிவு செய்த நிறுவனத்தின் வெப்சைட்டை நீங்களே டைப் செய்து உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள். பின்னால் மொபைல் எண்ணையோ இமெயிலையோ மாற்றினால் அதே நாளில் டொமைன் கணக்கிலும் மாற்றிவிடுங்கள்.